குன்னம் பக்கம் கிடைத்த உருண்டைக் கல்: டைனோசர் முட்டையா?

வணக்கம் நண்பரே. கிணறு வெட்டும்போது கிடைத்த கல்லை உடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து உடைக்காதீர்கள்.

படத்தைப் பார்த்தால் முட்டை போலத் தெரியவில்லை. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் பெரும்பகுதி, டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தில் கடலாக இருந்தது. கடலடிச் சேற்றில் ஒரு சிப்பியையோ அம்மோனைட்டையோ (சுருள் ஓடு கொண்ட, இப்போது அழிந்துபோன கடலுயிரி) சுற்றித் தாது படிந்து இப்படி உருண்டையாக இறுகிவிடும். 2020இல் குன்னத்திலேயே டைனோசர் முட்டை என்று பரவிய கற்களும் இந்த வகைதான்.

நிஜ முட்டையில் ஓடு இருக்கும். கல்லில் ஏற்கெனவே உடைந்த இடம் இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில், உள்ளே இருக்கும் கல்லிலிருந்து வேறுபட்ட ஒரு பட்டை தெரிய வேண்டும். அதன் மேற்பரப்பில் நுண்ணிய துளைகளோ புடைப்புகளோ இருக்கும். வெங்காயம் போல அடுக்கடுக்காக இருந்தால் முட்டை இல்லை. சுருளும் வரிகளும் தெரிந்தால் அம்மோனைட், அதுவும் அருமையான பொருள்தான்!

எடுத்த ஆழம், மண்ணின் நிறம் இரண்டையும் குறித்துக்கொண்டு, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, அரியலூர் புதைபடிவ அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். அப்புறம், விலை பேச வருகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.