பாலிஷ் போடாமல் விற்றால் பொறுப்பும் போய்விடுமா?

கேள்வி: வணக்கம் மேடம். உச்சிப்புளி பக்கம் ராமேஸ்வரம் சாலையில் சின்னதாக மரச்சாமான் கடை வைத்திருக்கிறேன். கட்டில், அலமாரி, மேசை எல்லாம் இழைத்து மூட்டி, பாலிஷ் போடாமல் அப்படியே விற்பேன். விலை குறையும், வாங்குகிறவர்கள் அவரவர் விருப்பத்துக்கு நிறம் போட்டுக்கொள்வார்கள். ஆவணியில் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அம்மா, மகள் கல்யாணச் சீருக்காகக் கட்டிலும் இரட்டைக் கதவு அலமாரியும் 46,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். அந்த வாரமே அவர்களே ஆள் வைத்துப் பாலிஷ் போட்டார்கள். கார்த்திகை மழையில் அலமாரிக் கதவு இறுகிவிட்டது, கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலிருந்து மாவு கொட்டுகிறது, பாலிஷும் அங்கங்கே பொரிந்துவிட்டது என்று மூன்று தடவை போன் செய்தார்கள். வேலை நெருக்கடியில் நான் போகவில்லை. இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 46,000 ரூபாயைத் திருப்பிக் கொடு, மன உளைச்சலுக்கு 1 லட்சம் கொடு, 15 நாளில் பதில் சொல் என்று. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கால்களும் சட்டங்களும் தேக்கு, பலகைகள் ரப்பர் மரம். ஆனால் கடைப் பையன் வாட்ஸப் வாய்ஸில் "முழுக்கத் தேக்குதாம்மா" என்று சொல்லியிருக்கிறான். என் பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறேன். பாலிஷ் போட்டதும் அவர்கள்தான். நான் தப்பிக்க வழி இருக்கிறதா?

பதில்: அண்ணே, வணக்கம். தேக்கு விஷயத்தை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. அதை மறைத்திருந்தால் நான் உங்களுக்குத் தப்பான வழியைச் சொல்லியிருப்பேன். முழுக்கத் தப்பிக்க வழி இல்லை. ஆனால் அவர்கள் கேட்கும் முழுத் தொகையும் உங்கள் தலையில் விழ வேண்டிய வழக்கும் இல்லை. எது உங்களுடையது, எது அவர்களுடையது என்று பிரித்துப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். என் அப்பா தொண்டியில் தச்சுப் பட்டறை வைத்திருந்தவர். அதனால் சட்டத்தோடு மரத்தையும் சேர்த்தே பேசுகிறேன்.

பில்லில் இருக்கும் வரியை நம்பாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று அதன் 2(47) பிரிவு சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று அந்தப் பிரிவே வைத்திருக்கிறது. அந்த 30 நாள் தாண்டிவிட்டதே என்று நிம்மதி அடையவும் முடியாது. பொருளில் குறை இருக்கிறது என்று புகார் கொடுக்க, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. நல்ல பொருளை மனம் மாறித் திருப்பிக்கொண்டு வருகிறவரிடம் அந்த வரியைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். உளுத்த பலகைக்கு அது கேடயம் ஆகாது.

அடுத்தது தேக்கு. உங்களுக்கு இருப்பதிலேயே பலவீனமான இடம் இதுதான். "குறைபாடு" என்பதற்கு 2(10) பிரிவு தரும் விளக்கத்தில், வியாபாரி எந்த வகையிலாவது சொன்ன தரத்துக்குப் பொருள் குறைவாக இருந்தாலும் அது குறைபாடே. எந்த வகையிலாவது என்றால் வாய்ச்சொல்லும் சேரும், வாட்ஸப் வாய்ஸும் சேரும். சொன்னது பையன்தானே, நான் இல்லையே என்று கேட்பீர்கள். கடை வேலையில் உங்கள் ஆள் சொன்ன தவறான சொல், நீங்களே சொன்னது போலத்தான். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 238ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. அப்புறம், 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15ஆம் பிரிவுப்படி, ஒரு பெயர் சொல்லி விற்றால் பொருள் அந்தப் பெயருக்குப் பொருந்தி இருக்க வேண்டும். ரப்பர் மரம் மட்டமான மரம் என்று நான் சொல்லவில்லை. பதப்படுத்தியது என்றால் வீட்டுச் சாமானுக்கு நல்ல மரம். ரப்பர் மரம் என்று சொல்லி விற்றிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

தயவுசெய்து அந்தப் பையனை அந்த வாய்ஸை அழிக்கச் சொல்லாதீர்கள். அந்த அம்மா போனில் அது இருக்கப்போகிறது. நீங்கள் அழித்தது தெரிந்தால் நீதிமன்றத்தில் உங்களுடைய மற்ற சொற்களும் மதிப்பிழந்துவிடும்.

இப்போது மரத்துக்கு வருவோம். தலைமாட்டில் கொட்டும் மாவை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். கோதுமை மாவு போல நைசாக இருந்து, பலகையில் குண்டூசித் தலை அளவுக்குச் சின்ன வட்டத் துளைகள் இருந்தால் அது உளுப்பூச்சி. கரையானாக இருந்தால் மண் தடம் இருக்கும், இப்படி மாவு கொட்டாது. உளுவுக்குப் பிடித்தது மரத்தின் வெள்ளைப் பகுதி. வைரம் பாய்ந்த தேக்கை அது லேசில் தொடாது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்தவுடன் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை உள்ளே ஏற்றிப் பதப்படுத்தாவிட்டால் உளு விழுவதற்கு அதைவிட வசதியான மரம் கிடையாது.

அந்தப் பூச்சி முட்டையிடுவது மூடப்படாத மரத்தின் நுண்ணிய துளைகளில். சீலரும் (பாலிஷுக்கு முன் மரத்தின் துளைகளை அடைக்கப் பூசுவது) பாலிஷும் ஏறிய பரப்பில் அதற்கு இடமில்லை. முட்டை புழுவாகி, மரத்தைத் தின்று, வண்டாக வெளியே வர நம் ஊர் வெயிலிலேயே சில மாதங்கள் ஆகும். அவர்கள் ஆவணியிலேயே பாலிஷ் போட்டுவிட்டார்கள், மாவு கொட்டியது கார்த்திகையில். அப்படியானால் முட்டை உள்ளே போனது எங்கே? பெரும்பாலும் உங்கள் கடையில், அல்லது உங்களுக்குப் பலகை தந்த இடத்தில். பலகையின் பின்பக்கம் பாலிஷ் இல்லாமல் விட்டிருந்தால் வாதாட ஒரு சின்ன இடம் கிடைக்கும். அதை நம்பி வழக்கு நடத்த நான் சொல்ல மாட்டேன். வாங்கும்போது பார்த்துத்தானே வாங்கினார்கள் என்ற வாதமும் நிற்காது. சரக்கு விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவில், பார்த்து வாங்கியவருக்கு அந்தப் பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குத்தான் உரிமை போகும். பலகைக்குள் இருக்கும் புழு யார் கண்ணுக்குத் தெரியும்?

ஆக, தலைமாட்டுப் பலகை உங்கள் பொறுப்பு. பதப்படுத்தியது என்று சொல்லி உங்களுக்கு விற்றவரிடம் நீங்கள் கேட்கலாம். ஆனால் மறுவிற்பனைக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்பதால், அதற்கு நுகர்வோர் ஆணையம் இல்லை, உரிமையியல் நீதிமன்றம்தான். அவருடைய பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பாலிஷ் பொரிந்தது உங்களுடையது இல்லை. ஈரத்தில் பூசினார்களா, தாள் போட்டுத் தேய்க்காமல் பூசினார்களா என்பது பூசியவருக்கும் அவர்களுக்கும் இடையில் உள்ள விஷயம். அந்தப் பூச்சாளரை உங்கள் கடையே அனுப்பியிருந்தால் மட்டும் எனக்குத் திரும்ப எழுதுங்கள், கணக்கு மாறும்.

அலமாரிக் கதவுதான் யோசிக்க வேண்டிய இடம். மரம் ஈரக்காற்றைக் குடிக்கும், குறுக்குவாட்டில் ஊதும். நீளவாட்டில் அவ்வளவாக நீளாது. அதனால்தான் கதவு மேலும் கீழும் சரியாக இருந்து பக்கவாட்டில் இறுகும். தங்கச்சிமடம் மாதிரி இரண்டு பக்கமும் கடல் இருக்கிற இடத்தில், வாடைக்காற்றும் மழையும் சேர்கிற மாதங்களில், இது நடந்தே தீரும். எவ்வளவு நடக்கும் என்பதுதான் கேள்வி. பலகை நன்றாக உலர்ந்து, கதவுக்கு இடைவெளி விட்டு மூட்டி, ஆறு பக்கமும் பாலிஷ் ஏறியிருந்தால் சமாளிக்கும். பாலிஷ் ஈரத்தைத் தடுத்துவிடாது, மெதுவாக்கும். எங்கும் ஒரே அளவில் மெதுவாக்க வேண்டும், அதுதான் முக்கியம். வெளிப்பக்கம் மட்டும் பூசி உள்பக்கத்தை வெறுமனே விட்டால் ஒரு பக்கம் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது. கதவு வளைந்துவிடும். அந்த வீட்டில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும். வெளிப்பக்கம் மட்டும்தான் பூசியிருப்பார்கள் என்பது என் ஊகம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அப்படியென்றால் தப்பு அவர்களுடையதா? இங்கேதான் அண்ணே, உங்களிடம் ஒரு கேள்வி. உள்பக்கமும் பின்பக்கமும் சேர்த்துப் பூசுங்கள், மழைக்கு முன்னால் பூசுங்கள் என்று நீங்கள் சொன்னீர்களா? உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பொருளின் தரத்தையும் தன்மையையும் அறிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(9) பிரிவு சொல்கிறது. பாலிஷ் போடாத சாமானில் வேலை பாதியில் நிற்கிறது. மீதிப் பாதியை எப்படி முடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதும் விற்பனையில் அடக்கம் என்றே நான் பார்க்கிறேன். எழுதிக் கொடுத்திருந்தால் கதவு அவர்கள் பொறுப்பு என்று உறுதியாக வாதாடியிருப்பேன். வாயால் சொன்னீர்கள் என்றால் பாதி பலம். சொல்லவே இல்லை என்றால், இழைத்துச் சரிசெய்து தரும் செலவு உங்களுடையது. உண்மையில் அது ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை.

வழக்காகப் போனால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அம்மா ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுப்பார்கள். மாவட்ட ஆணையம் 50 லட்ச ரூபாய் வரை விசாரிக்கும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமே இல்லை. அவர்களே நேரில் வாதாடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. ஆணைய நோட்டீஸ் கைக்கு வந்ததும் உங்களுக்கு 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பலகையைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ரப்பர் மரமா தேக்கா என்பது அங்கே ஒரு நிமிடக் கேள்வி. குறையை நீக்கு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பு, இழப்பீடு கொடு என்று எந்த உத்தரவும் வரலாம். 1 லட்சம் என்று கேட்டதாலேயே 1 லட்சம் வந்துவிடாது, பட்ட நஷ்டத்தை அவர்கள் காட்ட வேண்டும். ஆனால் மூன்று தடவை கூப்பிட்டும் நீங்கள் போகவில்லை என்பதை எந்த ஆணையமும் லேசாக எடுத்துக்கொள்ளாது. மகளுக்குச் சீராகக் கொடுத்த கட்டில், அண்ணே. புகுந்த வீட்டு ஆட்கள் முன்னால் அதில் மாவு கொட்டினால் அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் மன உளைச்சல் என்று எழுதியது வெறும் வக்கீல் வார்த்தை இல்லை.

அதனால் நான் சொல்லும் வழி இது. நோட்டீஸ் வந்த நாளிலிருந்து எண்ணி, 15 நாள் முடிவதற்குள் பதில் அவர்களுடைய வக்கீலுக்குப் போய்ச் சேர வேண்டும். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். பதிலில் சண்டை வேண்டாம். "உரிமைகளுக்குப் பாதகமின்றி" (என் உரிமை எதையும் விட்டுக்கொடுக்காமல் எழுதுகிறேன் என்று பொருள்) என்று தொடங்கி, பொருளை நேரில் பார்க்க ஒரு நாள் கேளுங்கள். தலைமாட்டுப் பலகையைத் தேக்கிலேயே மாற்றித் தருகிறேன், கதவை இழைத்துத் தருகிறேன், மற்ற பலகைகளுக்குத் தேக்குக்கும் ரப்பர் மரத்துக்கும் உள்ள விலை வித்தியாசத்தைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதுங்கள். அவர்கள் விரும்பினால் கட்டிலை முழுசாக எடுத்துக்கொண்டு அதன் பணத்தைத் தரவும் தயாராக இருங்கள். பாலிஷ் விஷயம் உங்கள் பொறுப்பு அல்ல என்பதையும் அதே கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இதற்கெல்லாம் சேர்த்து உங்களுக்கு ஆகும் செலவு, அவர்கள் கேட்கும் தொகையில் ஒரு பகுதிதான். ஒத்துக்கொண்டால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, இன்னது செய்யப்பட்டது, இவ்வளவு கொடுக்கப்பட்டது, இனி இதுபற்றி கோரிக்கை இல்லை என்று எழுதி வாங்குங்கள். வெற்றுத் தாளில் மட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒத்துவராமல் வழக்கே ஆனாலும், ஆணையத்தில் சமரசத்துக்கு அனுப்ப வழி உண்டு. இந்தக் கடிதம் அங்கே உங்களுக்குப் பேசும்.

கடையில் மீதி இருக்கும் ரப்பர் மரப் பலகைகளை இன்றைக்கே தட்டிப் பாருங்கள். மாவு விழும் பலகையைத் தனியாக எடுத்து அப்புறப்படுத்துங்கள், பக்கத்துப் பலகைக்கும் பரவும். புது பில் அடிக்கும்போது அந்தப் பழைய வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சாமானுக்கும் எந்தப் பாகம் என்ன மரம் என்று எழுதுங்கள். பின்பக்கத்தில் இப்படி அச்சடிக்கலாம்: "இந்தச் சாமான் பாலிஷ் போடாதது. மழைக்கு முன், உள்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் சீலரும் பாலிஷும் போடவும். வெளிப்பக்கம் மட்டும் பூசினால் மரம் வளையும். மழைக்காலத்தில் கதவு லேசாக இறுகுவது மரத்தின் இயல்பு. ஓராண்டுக்குள் ஒரு தடவை இலவசமாக இழைத்துத் தருவோம். உளு விழுந்தால் ஓராண்டுக்குள் பலகை மாற்றித் தருவோம்." வாங்குகிறவரிடம் வாசித்துக் காட்டி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் கொடுத்தால் செய்ய வேண்டிவரும், ஆகவே முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

தங்கச்சிமடம் போகும்போது தச்சரோடு அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். தேக்கு என்று சொன்னது தப்பு என்று அவனே அந்த அம்மாவிடம் சொல்லட்டும். கதவைக் கழற்றும்போது கீலையும் பாருங்கள். இரும்புத் திருகாணி போட்டிருந்தால் அந்த உப்புக்காற்றில் இதற்குள் துரு ஏறியிருக்கும். துருப்பிடிக்காத எஃகில் இரண்டு ஜோடி கீலும் திருகாணியும் கையோடு எடுத்துப் போங்கள்.