லாக்: வீடு நமது, மனை பிறருடையது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாக்ரமென்டோ ஆற்றைப் பற்றிய கட்டுரையில் லாக் என்ற சிற்றூரை ‘சீனர்கள் கட்டிக்கொண்ட சொந்த ஊர்’ என்று எழுதியிருந்தீர்கள். கலிபோர்னியாவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அதைப் போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு கடைத்தெரு, சாய்ந்து நிற்கும் மரவீடுகள். பழைய சூதாட்ட விடுதியை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். நகராட்சி இல்லை, மேயர் இல்லை என்றான் மகன். அவ்வளவு பணம் புரண்ட இடத்தில், நிலத்தை விலைக்கு வாங்கி முறையாக ஒரு நகராட்சி அமைத்துக்கொள்ள அவர்களுக்கு ஏன் தோன்றவில்லை?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

தோன்றியிருந்தாலும் வாங்கியிருக்க முடியாது. சட்டம் விடவில்லை.

முதலில் நகராட்சி. நம் பக்கத்தில் எந்தக் குக்கிராமமும் ஏதோ ஓர் ஊராட்சிக்குள் அடங்கிவிடும். கலிபோர்னியாவில் அப்படி இல்லை. ஊர்க்காரர்கள் முயன்று கேட்டுப் பெற்றால்தான் நகராட்சி. கேட்காத ஊர்களை, நம் மாவட்ட நிர்வாகம் போன்ற கவுண்டியே நேரடியாகப் பார்த்துக்கொள்ளும். அப்படி நூற்றுக்கணக்கான ஊர்கள் அங்கே உண்டு. அதில் குறை ஒன்றும் இல்லை. லாக்கின் சிக்கல் நிலத்தில் இருந்தது.

அந்த நிலம் எப்படி நிலமாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். சாக்ரமென்டோ ஆற்றின் கழிமுகம் முழுக்கக் கோரைச் சதுப்பாகக் கிடந்தது. ரயில் பாதை வேலை முடிந்து கை ஓய்ந்த சீனத் தொழிலாளர்கள், இடுப்பளவு நீரில் நின்று மண்ணை வெட்டிச் சுமந்து ஆற்றுக்குக் கரை எழுப்பினார்கள். சேற்றில் குதிரைகளின் குளம்பு புதையாமலிருக்க அகலமான காலணி மாட்டினார்கள். நீர் வடிந்து வெளிப்பட்ட கறுத்த மண்ணில் பேரிக்காய்த் தோப்புகளும் அஸ்பராகஸ் வயல்களும் வந்தன. அவற்றிலும் கூலிக்கு இறங்கியவர்கள் இவர்களே.

1913இல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது: குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் நிலம் வாங்கக் கூடாது. எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை. குறி முக்கியமாக ஜப்பானியர்மேல். ஆனால் சீனர்கள் குடியுரிமை பெறுவதை 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்ததால் அவர்களும் மாட்டிக்கொண்டார்கள். பெயர் சொல்லாமல் கதவைச் சாத்தும் இந்தச் சாமர்த்தியம்தான் எனக்கு அச்சட்டத்தில் மிகவும் அருவருப்பானது.

1915 அக்டோபரில் பக்கத்து ஊரான வால்நட் குரோவின் சீனர் தெரு தீயில் எரிந்தது. அங்கே தென்சீன மாகாணமான குவாங்டோங்கின் இருவேறு பகுதிகளைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். பேச்சு வழக்கும் வேறு, சங்கங்களும் வேறு. அவர்களில் ஜோங்ஷான் பகுதிக்காரர்கள் லீ பிங் என்ற வணிகரின் தலைமையில் தனியே பிரிந்து, சற்று வடக்கே லாக் குடும்பத்தின் நிலத்தை வாடகைக்குக் கேட்டார்கள். பத்திரம் கிடையாது, வாய்ச்சொல்தான். வீடு கட்டியவருடையது, நிலம் லாக் குடும்பத்துடையது. கோயில் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் நம் ஊரில் ‘அடிமனை வாடகை’ என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். 1920களில் சுமார் 600 பேர் அங்கே வாழ்ந்தார்கள். அறுவடைக் காலத்தில் ஆயிரத்தைத் தாண்டும்.

வீடுகள் சாய்ந்திருப்பதை ஒரு குறையாகச் சொல்கிறீர்கள். அடுத்தவர் மனையில் யார் தேக்கு இழைப்பார்கள்? அந்த வீடுகளின் அமைப்பைக் கவனித்தீர்களா? கரையை ஒட்டிய கட்டடங்களுக்கு மாடி கரைச் சாலைக்குத் திறக்கும். கீழ்த்தளம் பின்பக்கம் தாழ்ந்த கடைத்தெருவுக்குத் திறக்கும். ஒரே கட்டடத்துக்கு இரண்டு தெருவிலும் வாசல்.

சூதாட்ட விடுதியைப் பார்த்து முகம் சுளித்திருப்பீர்கள் போலிருக்கிறது. ‘தாய் லோய்’ 1916 முதல் 1951 வரை நடந்தது. மனைவியை அழைத்துவரக் கூடச் சட்டம் எளிதில் இடம் தராத காலத்தில், வேலை முடிந்து திரும்பிய தனியாட்கள் உட்காரவும், அடுத்த தோப்பில் கூலி உண்டா என்று விசாரிக்கவும் இருந்த கூடம் அது. அங்கே கூலியைத் தோற்றவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை மூடி மறைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை மட்டும் காட்டினால் பாதி ஊர் காணாமல் போயிருக்கும்.

நிலச் சட்டம் 1952இல் நீதிமன்றத்தில் விழுந்தது. அதற்குள் பிள்ளைகள் படித்து நகரங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஊர் மனை முழுவதும் பிரிக்கப்படாத ஒரே துண்டாக இருந்தது. 1970களில் ஹாங்காங் முதலீட்டாளர்கள் கைக்கு மாறியது. 1990இல் அமெரிக்க அரசு லாக்கைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோதும் வீட்டுக்காரர்களுக்கு அடிமனை சொந்தமில்லை. கவுண்டி தலையிட்டு மனைகளைப் பிரித்து, வீட்டு உரிமையாளர்களுக்கு விற்றது 2004இல். அப்போது ஊரில் சீனர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியிருந்தார்கள்.

என் வரியில் பிழை இருக்கிறது. ‘சொந்த’ என்பதை எடுத்துவிட்டேன். ‘கட்டிக்கொண்ட’ இருக்கட்டும்.