பட்டி ஹாலியின் கடைசிப் பாடல்கள்: எந்தத் தொகுப்பை வாங்குவது?

கேள்வி: அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியின் ‘பெகி சூ காட் மேரீட்’ பாடலை இரண்டு தொகுப்புகளில் கேட்டேன். ஒன்றில் பின்னணிக் குரல்கள் ஒலிக்கின்றன; மற்றதில் எலெக்ட்ரிக் கிட்டார் துள்ளுகிறது. ஹாலியின் குரல் மட்டும் மாறவே இல்லை. எது அசல்? எதை வாங்கலாம்?

பதில்: இரண்டுமே அசல் அல்ல. 1959 பிப்ரவரி 3 அன்று அயோவாவின் கிளியர் லேக் அருகே விமானம் விழுந்து ஹாலி இறந்தபோது அவருக்கு வயது 22. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 1958 டிசம்பரில், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் தம் வீட்டில் உட்கார்ந்து, தாமே எழுதிய ஆறு பாடல்களை ஆம்பெக்ஸ் டேப் கருவியில் பதிந்து வைத்திருந்தார். ஒரு கிட்டார், ஒரு குரல், வேறொன்றும் இல்லை.

அந்த டேப்பின் மேல் பிறர் இருமுறை இசை சேர்த்தார்கள். முதலில் தயாரிப்பாளர் ஜாக் ஹான்சன், நியூயார்க்கில். பின்னணிக் குரல்கள் அவர் சேர்த்தவை; ஆறு பாடல்களும் ‘த பட்டி ஹாலி ஸ்டோரி’ இரண்டாம் தொகுதியில் 1960இல் வந்தன. அடுத்து, நியூ மெக்சிகோவின் குளோவிஸில் நார்மன் பெட்டி, ஃபயர்பால்ஸ் குழுவை வாசிக்க வைத்தார். நீங்கள் கேட்ட துள்ளல் கிட்டார் அவர்களுடையது. 1958 இறுதியில் ஹாலி எந்தத் தயாரிப்பாளருடன் உறவை முறித்துக்கொண்டு விலகினாரோ, அவர் இதே நார்மன் பெட்டிதான். அவர் கைக்கே அந்த டேப் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

ஆகவே வாங்கும் முன் உறையைப் படியுங்கள். ஃபயர்பால்ஸ் பெயர் இருந்தால் அது நார்மன் பெட்டியின் வேலை. ‘அன்டப்டு’ என்று அச்சிட்டிருந்தால், எதையும் சேர்க்காத வீட்டுப் பதிவு. 2009இல் வந்த ‘டவுன் த லைன்: ரேரிட்டீஸ்’ என்ற இரட்டை சிடியில் இந்தப் பதிவுகள் இருக்கின்றன. என் தேர்வு அதுதான்.

புகழ்பெற்ற பாடல்கள் மட்டும் போதுமென்றால், அவர் இறந்த அதே மாதம் வெளியான ‘த பட்டி ஹாலி ஸ்டோரி’ முதல் தொகுதியை வாங்குங்கள். பழைய இசைத்தட்டாகக் கிடைத்தால் மோனோவையே (ஒற்றைத் தட ஒலிப்பதிவு) கேளுங்கள். மோனோவைச் செயற்கையாகப் பிரித்து ஸ்டீரியோ என்று விற்ற தட்டுகளில் குரல் கலங்கிப்போகும்.

ஹான்சனின் வேலையை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம். ‘கிரையிங், வெயிட்டிங், ஹோப்பிங்’ பாடலை உலகம் முதலில் கேட்டது அவர் வடிவத்தில்தான். 1962 ஜனவரி 1 அன்று டெக்கா நிறுவனத்தின் குரல் தேர்வில் பீட்டில்ஸ் பாடிக் காட்டிய பாடல்களில் அதுவும் ஒன்று. வீட்டுப் பதிவில் ஹாலி தலைப்பின் ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் சற்று இடம் விடுகிறார்; ஹான்சன் அங்கே பதில் குரல்களை வைத்தார். முதலில் வீட்டுப் பதிவை ஹெட்ஃபோனில் கேளுங்கள், பிறகு ஹான்சனுடையதை.