பாதத்தில் அழுத்தினால் பிபி குறையுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. நான்கு வருடமாக பிபிக்கு அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறார். கடைசியாகப் பார்த்தபோது 152/92 இருந்தது. சர்க்கரை இல்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் இரண்டு கணுக்காலும் வீங்கிவிடுகின்றன. சித்தி சொன்னார் என்று சீன அக்குபிரஷர் செய்யும் ஒருவரிடம் அம்மா போய் வருகிறார். 'ஒரு மாதம் அழுத்தினால் மாத்திரையே வேண்டாம்' என்று அவர் சொல்லியிருக்கிறார். தலைவலியும் கிறுகிறுப்பும் குறைந்துவிட்டதால் மாத்திரையை விட்டுவிடப் போவதாக அம்மா சொல்கிறார். விடலாமா? வீட்டிலேயே அழுத்துவதென்றால் எந்தப் புள்ளிகளை அழுத்த வேண்டும்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாத்திரையை விட வேண்டாம். அழுத்திக்கொள்வதையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

தலைவலியும் கிறுகிறுப்பும் குறைந்ததாக அம்மா சொல்வதை நான் சந்தேகப்படவில்லை. சீன வைத்தியர்கள் அந்தக் காலத்தில் அழுத்தியதே இதற்காகத்தான். தலைவலி, கிறுகிறுப்பு, முகம் சிவந்து சூடாவது, எதற்கெடுத்தாலும் சுள்ளென்று கோபம் வருவது எல்லாம் சேர்ந்து வந்தால், கல்லீரலின் 'யாங்' (சூடான, மேலெழும் சக்தி) மேலே ஏறிவிட்டது என்பார்கள். அதைக் கீழே இறக்கப் பாதத்தில் உள்ள தாய்ச்சோங் என்ற புள்ளியைப் பிடிப்பார்கள். நாடி பார்ப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் 152/92 என்கிற மாதிரி ஒரு எண் அவர்கள் கையில் கிடையாது. கையில் பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலிய டாக்டர் ரிவா-ரோச்சி 1896-ல்தான் கொண்டுவந்தார். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்டு மேல் எண், கீழ் எண் இரண்டையும் அளக்கும் முறையை ரஷ்ய டாக்டர் கொரட்காஃப் 1905-ல் சொன்னார்.

ஆக, அந்த வைத்தியம் குறிவைத்தது உடம்புக்குத் தெரிகிற தொந்தரவை. பிபியோ பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் கொடுக்காது. 170 இருக்கும்போதும் ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டு வடை சுட்டுக்கொண்டிருப்பார். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படுகிறவர்களைப் பார்க்காத டாக்டர் இருக்க முடியாது. அம்மாவின் தலைவலி போனதும் பிபி இறங்கியதும் ஒன்றல்ல. இறங்கியதா என்று மெஷின்தான் சொல்ல வேண்டும்.

சரி, அழுத்தினால் அந்த எண் குறையுமா? விரலால் அழுத்துவதைப் பற்றி வந்திருப்பவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். அதே புள்ளிகளில் ஊசி குத்திப் பார்த்த ஆய்வுகள் இதைவிடப் பெரியவை. 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 192 பேர் இருந்தார்கள். முறையான ஊசிக்கும் பேருக்குக் குத்திய ஊசிக்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. 2007-ல் ஜெர்மனியில் 160 பேருக்குச் செய்த ஆய்வின் முடிவு வேறு மாதிரி. ஆறு வாரத்தில் 22 முறை ஊசி போட்டதில் மேல் எண் சுமார் 5, கீழ் எண் சுமார் 3 குறைந்தது. ஆனால் ஊசியை நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குறைவு காணாமல் போயிருந்தது. ஒரு மாதம் அழுத்தினால் ஆயுசுக்கும் மாத்திரை வேண்டாம் என்று சொல்ல இதில் எந்த ஆதாரமும் இல்லை. இந்த வைத்தியம் பிறந்த சீனாவிலேயே பாரம்பரிய மருத்துவமனைக்குப் போகும் பிபி நோயாளிக்கு ஊசியோடும் கஷாயத்தோடும் அம்லோடிபின் போன்ற மாத்திரைகளும் கொடுக்கிறார்கள். இங்கே இருக்கும் நம்மவர்களுக்குத்தான் மாத்திரையை நிறுத்திவைக்க அவ்வளவு அவசரம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கணுக்கால் வீக்கம். அம்மாவுக்கு மாத்திரை மேல் வெறுப்பு வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அம்லோடிபின் சாப்பிடுகிற பலருக்கு இது வரும். அந்த மாத்திரை சிறு ரத்தக் குழாய்களை விரிக்கும்போது நீர் கொஞ்சம் வெளியே கசிந்து காலில் தங்கிவிடுகிறது. இதற்கு வழி இருக்கிறது. அளவைக் குறைத்து டெல்மிசார்டன் போன்ற இன்னொரு மாத்திரையைச் சேர்க்கலாம், அல்லது மருந்தையே மாற்றலாம். 152/92 என்ற எண்ணைப் பார்த்தாலும் இப்போதைய மருந்து போதவில்லை என்றுதான் தெரிகிறது. அதனால் எப்படியும் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். போகும்போது வீக்கத்தை மறக்காமல் சொல்லுங்கள். இதயமோ சிறுநீரகமோ காரணமாக இல்லையா என்று அவர் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

இனி புள்ளிகள். தாய்ச்சோங் பாதத்தின் மேல்பக்கம் இருக்கிறது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உங்கள் விரலை வைத்து மேல்நோக்கி நகர்த்துங்கள். இரண்டு எலும்புகள் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம் தட்டுப்படும், அதுதான். ச்சூச்சி முழங்கையில் இருக்கிறது. கையை மடக்கினால் விழும் மடிப்பின் வெளிப்பக்க முனை. நெய்குவான் மணிக்கட்டின் உள்பக்கம். மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக அம்மாவின் விரலாலேயே மூன்று விரல் அகலம் தள்ளி, கயிறு மாதிரித் தட்டுப்படும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே. இவை போதும். சிலர் இருபது புள்ளிகள் போட்ட படத்தைக் கொடுப்பார்கள், அதைச் சுவரில் மாட்டிவைக்கலாம்.

கட்டைவிரலால், லேசான மந்த வலி தெரிகிற அளவுக்கு அழுத்தி, மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றிரண்டு நிமிடம், இரண்டு பக்கமும். 'வலித்தால்தான் வேலை செய்யும்' என்று குச்சி வைத்துக் குத்த வேண்டாம். கால் வீங்கியிருக்கும் நேரத்தில் பாதத்தை விட்டுவிட்டுக் கையில் மட்டும் அழுத்துங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால் அங்கே கையே வைக்கக் கூடாது, ரத்தக் கட்டி இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ராத்திரி படுக்கப் போகும் முன் உள்ளங்காலை உள்ளங்கையால் தேய்த்துவிடுவது சீனாவில் பல வயதானவர்களின் பழக்கம். விரல்களை மடக்கும்போது உள்ளங்காலில் குழி விழும் இடத்தை யோங்ச்சுவான் என்பார்கள். தூக்கம் நன்றாக வந்தால் அதுவும் லாபம்தான்.

கழுத்து விஷயம் மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தூய்னா என்ற சீன மசாஜில் பிபிக்காகக் காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரை கழுத்தின் பக்கவாட்டில் தேய்த்து இறக்கும் முறை ஒன்று இருக்கிறது. குரல்வளைக்குப் பக்கத்தில் ரென்யிங் என்ற புள்ளியும் இருக்கிறது. இரண்டும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயை ஒட்டியவை. அங்கே அழுத்தினால் இதயத் துடிப்பும் பிபியும் சட்டென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம். வயதானவர்களுக்குக் குழாயில் கொழுப்புப் படிந்திருந்தால் அதில் ஒரு துண்டு பெயர்ந்து மூளைக்குப் போய் பக்கவாதமே வரலாம். 61 வயதில் கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் யாரும் தொட வேண்டாம். பிடரியைப் பிடித்துவிட்டால் தப்பில்லை.

வீட்டில் பிபி மெஷின் இல்லையென்றால், கையின் மேல்பகுதியில் பட்டை கட்டும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கால் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து நோட்டில் எழுதுங்கள். அழுத்தி முடித்த கையோடு பார்க்க வேண்டாம். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தாலே யாருக்கும் எண் கொஞ்சம் இறங்கும், அதைப் புள்ளியின் கணக்கில் எழுதிவிடுவோம். ஒரு வார சராசரி 135/85-க்குக் கீழே வந்து அப்படியே நின்றால் மருந்தைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது என்று ஏதாவது வந்தால் புள்ளி தேடிக்கொண்டிருக்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் உப்பு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

அந்த அக்குபிரஷர்காரரிடம் அம்மா தொடர்ந்து போகட்டும். அடுத்த முறை நீங்களும் கூடப் போய், மாத்திரை தொடரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு அவர் சம்மதித்தால் நல்லது. 'மாத்திரையும் இதுவும் சேராது' என்று சொன்னால், அன்றைய பணத்தைக் கொடுத்துவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.