கெய்சர் தண்ணீரில் அறையைச் சூடாக்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது. அவர் படுக்கும் அறை பத்துக்குப் பத்து, மேலே தகரக் கூரை. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் அறைக்குள்ளேயே கை விறைத்துப் போகிறது. பட்டறைக்காரர் ஒருவர், 15 லிட்டர் கெய்சரோடு ஒரு மோட்டாரையும் சுவரில் ஒரு ரேடியேட்டரையும் இணைத்து, வெந்நீரைச் சுற்றவிட்டு அறையைச் சூடாக்கித் தருகிறேன் என்கிறார். 35,000 ரூபாய் கேட்கிறார். ரூம் ஹீட்டரைவிடப் பாதி கரன்ட்தான் ஆகும், படுக்கும்போது நிறுத்திவிட்டாலும் விடியும்வரை சூடு நிற்கும், காற்று வறளாது என்று மூன்று காரணம் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மாவின் ஓர் அறைக்கு மட்டும் என்றால் வேண்டாம் அம்மா. அவர் சொல்லும் மூன்று காரணமும் தவறு. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதே பேச்சை மலைப்பகுதியில் பலரிடமும் சொல்லி விற்கிறார்கள்.

முதலில் பாதி கரன்ட். ஒரு யூனிட் மின்சாரத்தை ஹீட்டரில் செலவழித்தால் கிடைப்பது 860 கிலோகலோரி வெப்பம். சிவந்து எரியும் கம்பி ஹீட்டரானாலும் சரி, ஆயில் ஹீட்டரானாலும் சரி, கெய்சரானாலும் சரி, கணக்கு ஒன்றுதான். தண்ணீர் வெப்பத்தைச் சுமந்துபோகும், கூடுதலாக உண்டாக்காது. உண்மையில் மோட்டார் இழுக்கும் கரன்ட்டும், அறைக்கு வெளியே ஓடும் குழாயில் வீணாகும் சூடும் சேர்ந்து, செலவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

அடுத்து, விடியும்வரை சூடு. 15 லிட்டர் தண்ணீர் 70 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். அது 40 டிகிரிக்கு இறங்கும்போது அறைக்குக் கொடுப்பது 15ஐ 30ஆல் பெருக்கினால் வரும் 450 கிலோகலோரி. அதாவது சுமார் அரை யூனிட். உங்கள் அறை மணிக்கு எவ்வளவு இழக்கிறது என்று பார்த்தால் இதன் அளவு புரியும். வெளியே 8 டிகிரி, உள்ளே 18 டிகிரி வேண்டும் என்று கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டு வசதி வழிகாட்டுதலில், குளிர் காலத்தில் வீட்டுக்குள் குறைந்தபட்சம் வேண்டும் என்று சொன்ன அளவும் 18 டிகிரிதான். வெளிப்புறம் பார்த்த இரண்டு செங்கல் சுவர் வழியாகச் சுமார் 300 வாட் போகும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் 80, 90 வாட். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கில் நுழையும் காற்று 70 வாட் அளவுக்குக் கொண்டுபோகும். சீலிங் இல்லாத தகரக் கூரை மட்டும் தனியாக 550, 600 வாட் தின்னும். மொத்தம் ஒரு கிலோவாட்டைத் தொட்டுவிடுகிறது, அதாவது மணிக்கு ஒரு யூனிட். அப்படியானால் 15 லிட்டர் தண்ணீரில் இருக்கும் அரை யூனிட், அரை மணி நேரத்துக்குத்தான் வரும். பத்து மணிக்கு நிறுத்தினால் பத்தரைக்கே அம்மா போர்வையை இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்றாவது, காற்று வறளாது என்பது. குழாய்க்குள் அடைபட்டு ஓடும் தண்ணீரிலிருந்து ஒரு சொட்டு ஈரம்கூட அறைக்குள் வராது. 8 டிகிரிக் காற்றை எப்படி 18 டிகிரிக்குக் கொண்டுபோனாலும் அதன் ஈரப்பத விகிதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஃபேன் வைத்த ஹீட்டரில் சூடான காற்று முகத்தில் நேராக அடிப்பதால் தொண்டையும் கண்ணும் வறள்வது போலத் தெரியும். அந்தத் தொந்தரவு ஆயில் ஹீட்டரிலும் இருக்காது.

தண்ணீர் ரேடியேட்டருக்கு நல்ல குணமே இல்லை என்று சொல்லவில்லை. எரியும் கம்பி அறைக்குள் இல்லை, சத்தம் குறைவு, சூடு பரவலாக இருக்கும். ஆனால் இதே குணங்களோடு, தொழிற்சாலையிலேயே அடைத்து மூடிய ஆயில் ஹீட்டர் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு கடையில் கிடைக்கிறது. அதற்கு இந்த 35,000இல் பாதிகூட ஆகாது. வைத்த சூடு வந்ததும் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் உள்ள 2,000 வாட் மாடலாக எடுங்கள். பவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது, அதன்மேல் துணி காயப்போடவும் கூடாது.

அதற்கு முன்னால் கூரையைப் பாருங்கள். பணத்தை முதலில் போட வேண்டிய இடம் அதுதான். ஜிப்சம் போர்டோ கால்சியம் சிலிக்கேட் போர்டோ வைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதன்மேல் 50 மில்லிமீட்டர் கிளாஸ் ஊல் அல்லது ராக் ஊல் பரப்பினால், கூரை வழியாகப் போகும் 600 வாட் 100 வாட்டுக்குள் வந்துவிடும். தெர்மோகோலை வெறுமனே ஒட்டச் சொல்வார்கள், அது சீக்கிரம் தீப்பற்றும், ஒப்புக்கொள்ளாதீர்கள். கரன்ட் பில்லிலும் இதன் பலன் தெரியும். ஒரு கிலோவாட் தினம் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். வீட்டின் மற்ற செலவோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் மின்வாரியக் கணக்கில் கட்டண அடுக்கே மாறிவிடும். சீலிங் போட்டுவிட்டால் ஹீட்டர் பங்கு ஏறக்குறைய பாதியாகும். பட்டறைக்காரர் சொன்ன "பாதி கரன்ட்" அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. உங்கள் கையில் 35,000க்கு மேல் கொஞ்சம் இருந்தால் ஹாட் அண்ட் கோல்டு இன்வெர்ட்டர் ஏ.சி. பார்க்கலாம். அது வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே தள்ளுவதால், உங்கள் ஊர்க் குளிரில் ஒரு யூனிட்டுக்கு இரண்டு யூனிட்டுக்கு மேலேயே வெப்பம் கொடுக்கும். காற்று அம்மாவின் முகத்தில் படாதபடி மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: குன்னூரில் மூன்று அறை கொண்ட சிறிய ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கான்கிரீட் கூரை, சீலிங் இருக்கிறது. விருந்தினர் அறைக்குள் ஹீட்டர் வைத்தால் தீ பயம். அதனால் வெளியே ஒரு சின்ன வாட்டர் ஹீட்டர் வைத்து, மூன்று அறைக்கும் ரேடியேட்டர் கொடுக்க நினைக்கிறோம். மைத்துனர் எலக்ட்ரீஷியன், அவரே செய்து தருகிறேன் என்கிறார். எத்தனை லிட்டர் கெய்சர் வாங்குவது?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: உங்கள் தேவைக்கு இது பொருந்தும். தீ பயம் என்ற காரணமும் நியாயமானது. ஆனால் எத்தனை லிட்டர் என்று கேட்காதீர்கள், எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். குளிப்பதற்கு என்றால் வெந்நீரைச் சேர்த்து வைக்க வேண்டும், அதற்கு லிட்டர் முக்கியம். அறையைச் சூடாக்கும்போது அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். ஆறு லிட்டர் தொட்டியே போதும், 25 லிட்டர் வாங்குவதில் லாபம் இல்லை. அறைக்கு 800 வாட் முதல் ஒரு கிலோவாட் என்று கணக்கிட்டால் மூன்று அறைக்கு 3 கிலோவாட். இது 13 ஆம்ப் இழுக்கும். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், நல்ல எர்த், கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. மூன்றும் கட்டாயம்.

மோட்டார் விஷயத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். தண்ணீர் ரேடியேட்டரில் பத்து டிகிரி சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பினால், ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு 86 லிட்டர் ஓட்டம் போதும். மூன்று அறைக்கும் சேர்த்து நிமிடத்துக்கு நாலரை லிட்டருக்குள். இதற்குப் போய் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை எச்.பி. மோட்டாரைப் பொருத்தினால் ராத்திரி முழுக்க 370 வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு இரைச்சல் போடும். வெந்நீர் சுற்றுவதற்கென்றே விற்கும் சர்க்குலேஷன் பம்ப் 50 முதல் 100 வாட்டில் ஓடும், காதை வைத்துக் கேட்டால்தான் சத்தம் தெரியும்.

இனிமேல் சொல்வதை மைத்துனர் கட்டாயம் படிக்க வேண்டும். தொட்டி, குழாய், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்து 20 லிட்டர் தண்ணீர் என்றால், 10 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போகும்போது அது 400 மில்லி அளவுக்குப் பெருகும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. குளியலறையில் பல வீடுகளில் இந்தப் பெருக்கம் வந்த குழாய் வழியே மாடித் தொட்டிக்கே திரும்பிப் போய்விடும், அதனால் நமக்குத் தெரிவதில்லை. அதே கெய்சரின் இரண்டு வாயையும் குழாயால் இணைத்து மூடிவிட்டால் பெருகிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. மூட்டு பிய்யும், இல்லையென்றால் தொட்டி வெடிக்கும்.

நீங்களே செய்வதால் என் விருப்பம் திறந்த தொட்டி முறைதான். மிக உயரத்தில் இருக்கும் ரேடியேட்டருக்கும் மேலே பத்து லிட்டர் தொட்டி ஒன்று, ஹீட்டரிலிருந்து அதற்கு நேராக ஏறும் வென்ட் குழாய் ஒன்று. அந்தக் குழாயில் எந்த இடத்திலும் வால்வு போடக்கூடாது. அழுத்தம் சேரவே சேராது. மூடிய முறைதான் வேண்டும் என்றால் பெருகும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும், ரப்பர் டயாஃப்ரம் உள்ள எக்ஸ்பேன்ஷன் டேங்க், அழுத்தம் 3 பாரைத் தொட்டால் திறந்துகொள்ளும் சேஃப்டி வால்வு, காற்று வெளியேற மேலே ஒரு ஏர் வென்ட் எல்லாம் வேண்டும். சேஃப்டி வால்வின் குழாயை ஆள் நடமாட்டம் இல்லாத, ஆனால் கண்ணில் படும் இடத்தில் தரைக்கு அருகில் முடியுங்கள். எந்த முறையானாலும் தெர்மோஸ்டாட்டோடு, அது பழுதாகிச் சூடு மீறினால் கரன்ட்டைத் துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட் ஒன்று தனியாக வேண்டும். பம்ப் நின்றால் ஹீட்டரும் நிற்கும்படி ஃப்ளோ சுவிட்ச் போடுங்கள். உங்கள் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் 65க்கு மேல் வைக்காதீர்கள்.

குழாய்க்கு, வெந்நீரைத் தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. அல்லது செம்பு. சாதாரண பி.வி.சி. இந்தச் சூட்டில் இளகிவிடும். ரேடியேட்டர் வாங்கும்போது கேட்லாக்கில் 1,000 வாட் என்று போட்டிருப்பது, தண்ணீர் சராசரி 70 டிகிரியில் இருக்கும்போது. 50 டிகிரி தண்ணீரில் அதே ரேடியேட்டர் பாதிதான் கொடுக்கும். அதனால் ஒரு சைஸ் பெரிதாகவே எடுங்கள். பெரிதாக எடுத்தால் பின்னால் இதே குழாயில், வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் இணைக்கவும் வசதி, அது 45, 50 டிகிரியில் ஓடும்போதுதான் நல்ல மிச்சம் காட்டும். இந்தத் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டாம், புதுத் தண்ணீர் புது ஆக்சிஜனைக் கொண்டுவந்து துருப்பிடிக்க வைக்கும். இதே சுற்றிலிருந்து குளிக்கத் தண்ணீர் எடுக்கவும் கூடாது.

வாரண்டியையும் சொல்லிவிடுகிறேன். குளியலறை கெய்சரை இப்படி மாற்றினால் கம்பெனி வாரண்டி தராது. கடைக்காரரோ பட்டறைக்காரரோ மாற்றிக்கொடுத்து விற்று, அந்த மாற்றத்தாலேயே யாருக்காவது காயம் பட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவுப்படி பொறுப்பு விற்றவர் மேல் விழும். உங்கள் மைத்துனர் மாற்றினால் பொறுப்பு உங்கள் வீட்டுக்குள்ளேயே நிற்கும். அதனால் ரூம் ஹீட்டிங்குக்கென்றே செய்த சின்ன எலக்ட்ரிக் பாய்லர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பம்ப், எக்ஸ்பேன்ஷன் டேங்க், கட்-அவுட் எல்லாம் உள்ளேயே இருக்கும் மாடல்கள் உண்டு.

கேள்வி: எங்கள் வீட்டில் பாட்டி காலத்துச் செம்பு பாய்லர் இருக்கிறது, விறகு போடுவது. அதை ஹாலில் வைத்து எரித்தால் வெந்நீரும் ஆச்சு, ஹாலும் சூடாகுமே? இல்லையென்றால் கேஸ் கெய்சரை அறைக்குள் மாட்டலாமா?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: இரண்டும் கூடாது. பாய்லரின் நடுக்குழலில் விறகோ கரியோ எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. குளிருக்காகக் கதவு ஜன்னலை மூடி வைத்திருக்கும் அறையில் தூக்கத்திலேயே உயிர் போகும். மூடிய அறையில் கரி மூட்டிப் படுத்தவர்கள் மலையில் இறந்திருக்கிறார்கள். புகைபோக்கி இல்லாத கேஸ் கெய்சரும் இதே வாயுவைத்தான் விடும். பாய்லரை வெளியே, காற்றோட்டமான தாழ்வாரத்தில் வைத்து வெந்நீர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு குட்டி ஹீட்டர் வாங்கினேன். "பத்தே நிமிடத்தில் வீடு முழுக்கச் சூடு" என்று விளம்பரம். பிளக்கிலேயே செருகுவது, 400 வாட் என்று அடியில் எழுதியிருக்கிறது. அறைகூடச் சூடாகவில்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.
– ஒரு வாசகர், ஊட்டி

பதில்: மேலே சொன்ன கணக்குப்படி ஓர் அறைக்கே ஒரு கிலோவாட் வேண்டும், 400 வாட்டால் வீட்டைச் சூடாக்க வழியே இல்லை. எனவே இது தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று தைரியமாகச் சொல்லலாம். விளம்பரம், பில், ஹீட்டரின் அடியில் இருக்கும் வாட் அளவு மூன்றையும் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், விளம்பரத்தை மாற்றிவிடுவார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, அதன்கீழ் சி.எம்/எல் என்று தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள். ரூம் ஹீட்டருக்கு அந்த முத்திரை கட்டாயம். எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். முத்திரை இல்லையென்றாலோ எண் பொய்யென்றாலோ உங்கள் புகார் இன்னும் வலுவாகும், ஹீட்டரையும் பயன்படுத்தாதீர்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல விற்பனையாளர்கள் அந்த நிலையிலேயே பணத்தைத் திருப்பிவிடுவார்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஹீட்டரையும் அது வந்த பெட்டியையும் அதுவரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.