கை உடைந்த டைல்ஸ் மேஸ்திரிக்கு விடுப்புச் சான்றிதழ் யார் கொடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 43. டைல்ஸ் மேஸ்திரி. சொந்தமாக வேலை பிடித்துச் செய்கிறேன், என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். குளியலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டும்போது சாரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். 20 வாரம் வேலை செய்ய முடியவில்லை. 10 லட்ச ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்து நான்கு வருடமாகப் பிரீமியம் கட்டுகிறேன். தற்காலிக முழு ஊனம் ஏற்பட்டால் வாரம் 5,000 ரூபாய் என்று பாலிசியில் இருக்கிறது. அதன்படி ஒரு லட்சம் கேட்டேன். ஐந்து மாதத்துக்கு முன் மறுத்துக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். 38 நாள் தாமதமாகத் தெரிவித்தேனாம். முதலாளியிடமிருந்து விடுப்புச் சான்றிதழும் மூன்று வருட வருமான வரிக் கணக்கும் கொடுக்கவில்லையாம். சிகிச்சைக் காலத்தில் வேலை நடந்த இடத்துக்குப் போய் மேற்பார்வை செய்ததால் அது முழு ஊனம் இல்லையாம். கையில் இன்னும் பழைய பிடி வரவில்லை. அரசு மருத்துவமனையில் 20 சதவீத ஊனம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கையை இழந்த தச்சருக்கு 100 சதவீத ஊனம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதாக நண்பர் சொல்கிறார். அது எனக்கும் பொருந்துமா? வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிற காப்பீட்டில் ஏதாவது கிடைக்குமா?

பதில்: நிறுவனம் சொன்ன காரணங்களில் முதல் இரண்டும் நிற்காது. மூன்றாவதுக்குத்தான் நீங்கள் உண்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு மூல ஆவணம் வேண்டும். பாலிசி அட்டையோ ஏஜென்ட் கொடுத்த விளம்பரத் தாளோ போதாது. நிபந்தனைகள் முழுவதும் அச்சான பாலிசிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் இல்லை என்றால் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். நிபந்தனைகளை உங்களுக்குக் கொடுக்கவே இல்லை என்றால் அதையும் பதிவு செய்யுங்கள். தெரிவிக்காத விலக்கு நிபந்தனையைக் காட்டிக் காப்பீட்டுத் தொகையை மறுக்க முடியாது என்று 2019-ல் பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தாமதத்தை முதலில் முடித்துவிடலாம். நேர்மையான கிளைமைத் தாமதத்தை மட்டும் காரணம் காட்டி இயந்திரத்தனமாகத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டது. 2017-ல் ஓம் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைச் சொன்னது. அது திருடுபோன லாரி பற்றிய வழக்குதான் என்றாலும், தாமதத்துக்குத் திருப்தியான விளக்கம் இருந்தால் கிளைமை மறுக்கக் கூடாது என்ற கருத்து உங்களுக்கும் உதவும். வலது கையில் ஆபரேஷன் ஆனவர் படிவம் எழுத முடியாமல் போனதைவிட இயல்பான விளக்கம் வேறென்ன? மருத்துவமனையில் சேர்ந்த தேதி, ஆபரேஷன் தேதி, மாவுக்கட்டு பிரித்த தேதி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்து விடுப்புச் சான்றிதழ். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பாலிசி விற்கும்போது தொழில் என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதிக்கொண்டு நான்கு வருடம் பிரீமியம் வாங்கினார்கள். அப்புறம் முதலாளியின் கையெழுத்து கேட்டால் அவர் எங்கே போவார்? செய்யவே முடியாத ஒன்றைச் செய் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது. கிளைம் படிவம் மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்துத் தயாரானது. நீங்கள் நிரூபிக்க வேண்டியது உங்களால் வேலை செய்ய முடியவில்லை என்பதை. அதற்குச் சான்றிதழ் ஒன்றுதான் வழி என்று பாலிசி சொல்லாதவரை வேறு ஆதாரங்கள் போதும்.

வருமான வரிக் கணக்குக்கு நேரடியான பதில் உண்டு. உங்கள் பாலிசி வாரம் 5,000 என்று நிலையான தொகையைச் சொல்கிறது. அப்படியென்றால் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்ற கணக்கு எதற்கு? சில பாலிசிகளில் வாரத் தொகை வருமானத்தில் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். உங்கள் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால், 'இந்த ஆவணம் எந்த நிபந்தனையின் கீழ் தேவை என்று எழுத்தில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். இருந்தாலும் கவலை வேண்டாம். வரி விலக்கு வரம்புக்குக் கீழே வருமானம் உள்ளவர்கள் பொதுவாகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. வங்கிப் பாஸ்புக், போனில் வந்த பணப் பரிமாற்றங்கள், வீட்டுக்காரர்களிடம் கொடுத்த மதிப்பீட்டுத் தாள்கள், உங்களுக்கு வேலை கொடுத்த இரண்டு மூன்று பேரின் கடிதங்கள், இவற்றைத் திரட்டுங்கள். விபத்துக்கு முன் ஆறு மாதம், விபத்துக் காலம், திரும்ப வேலைக்குப் போன பிறகு என்று மூன்று பகுதியாகப் பிரித்து வைத்தால் பணம் எப்போது நின்றது என்பது பார்த்த உடனே தெரியும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: யாரோ சொன்னார்கள் என்று பழைய வருடங்களுக்கு இப்போது புதிதாகக் கணக்குத் தயார் செய்து கொடுப்பது. நல்ல கிளைமை அது ஒன்றே கெடுத்துவிடும்.

சரி, மேற்பார்வைக்கு வருவோம்.

'தற்காலிக முழு ஊனம்' என்பதற்குப் பாலிசிகளில் இரண்டு வகை விளக்கம் உண்டு. காப்பீடு பெற்றவர் 'தன் வழக்கமான தொழிலில்' ஈடுபட முடியாத நிலை என்பது ஒன்று. 'எந்த விதமான வேலையிலும் அல்லது தொழிலிலும்' ஈடுபட முடியாத நிலை என்பது மற்றொன்று. இந்த ஒரு சொல் வித்தியாசத்தில்தான் உங்கள் பணம் இருக்கிறது. முதல் வகை என்றால் உங்கள் பக்கம் பலமானது. உங்கள் தொழில் டைல்ஸ் வெட்டுவதும் மட்டம் பார்த்து ஒட்டுவதும். நாற்காலியில் உட்கார்ந்து ஹெல்பருக்கு வழி சொல்வது அந்தத் தொழில் ஆகாது. இரண்டாவது வகை என்றால், தளத்தில் நின்று வேலை வாங்குவதும் ஒரு தொழில்தானே என்று நிறுவனம் வாதாடும். அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாலிசியின் வாசகம் இரண்டு பொருள் தந்தால் அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவும் உங்களுக்குச் சாதகமாகவும் படிக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் காலம்காலமாக ஏற்ற விதி. ஆனால் வாசகம் தெளிவாக இருந்தால், இரக்கப்பட்டு அதை மாற்றி எழுத நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை.

அதனால் 20 வாரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஆபரேஷன் முடிந்து மாவுக்கட்டோடு வீட்டில் இருந்த வாரங்களில் நீங்கள் எங்கேயும் போகவில்லை என்றால், எந்த விளக்கத்தின்படியும் அது முழு ஊனம்தான். அந்த வாரங்களுக்கான தொகையை மறுக்க நிறுவனத்துக்கு இந்தக் காரணம் உதவாது. பிற்பகுதியில் எந்த வாரம் முதல் தளத்துக்குப் போனீர்கள், வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம், கூலி யார் வாங்கினார் என்பதை உள்ளபடி எழுதுங்கள். போகவே இல்லை என்று மறுக்காதீர்கள். விசாரணைக்கு வந்தவர் வீட்டுக்காரரிடம் கேட்டிருப்பார், உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வேலை நடக்கும் படம்கூட இருந்திருக்கலாம். ஒரு பொய் பிடிபட்டால், உண்மையாகக் கிடைக்க வேண்டிய வாரங்களும் மோசடி என்ற சொல்லில் போய்விடும். விசாரணை அதிகாரி உங்களிடம் கையெழுத்து வாங்கிய வாக்குமூலம் இருந்தால் அதன் நகலையும் விசாரணை அறிக்கையையும் எழுதிக் கேளுங்கள். 'மேற்பார்வை செய்தேன்' என்ற சொல்லை நீங்கள் சொன்னீர்களா அவர் எழுதிக்கொண்டாரா என்பது முக்கியம்.

இதில் ஜெயிக்க வைப்பது வக்கீல் இல்லை, மருத்துவரின் சான்றிதழ்தான். பெரும்பாலும் 'ஆறு வாரம் ஓய்வு தேவை' என்று ஒரே வரியில் வாங்கி வருகிறார்கள். அது போதாது. உங்களுக்கு ஆபரேஷன் செய்த எலும்பு மருத்துவரிடம் திரும்பப் போய், உங்கள் வேலை என்ன என்பதை விளக்கிச் சொல்லுங்கள்: டைல்ஸ் பெட்டி தூக்க வேண்டும், கட்டர் பிடிக்க வேண்டும், முழங்காலில் உட்கார்ந்து கையை ஊன்ற வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வலது மணிக்கட்டை எதற்கெல்லாம் பயன்படுத்த முடியாத நிலை, எப்போது வேலைக்குத் தகுதியானீர்கள், எதை வைத்து இப்படிச் சொல்கிறார் என்று அவருடைய பதிவேட்டிலிருந்து எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்ரே தேதிகளும் பிசியோதெரபிக்குப் போன நாட்களும் அதில் இருந்தால் நல்லது.

இனி அந்தத் தச்சர் வழக்கு. நண்பர் சொன்னது உண்மைதான். பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் சீனிவாச சபதா என்ற அந்தத் தீர்ப்பு 1976 சட்ட இதழ்களில் இருக்கிறது. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அது முழு ஊனம் என்றது உச்ச நீதிமன்றம். வாகன விபத்து இழப்பீட்டில், ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பும் உடலின் ஊனமும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் வேறுவேறு என்றது. கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ கிட்டத்தட்ட 100 சதவீத இழப்பு ஆகலாம், அதே காயம் அரசு அலுவலக எழுத்தருக்கு அப்படி ஆகாது என்று உதாரணமும் காட்டியது. இரண்டும் நல்ல தீர்ப்புகள். ஆனால் அவை சட்டம் தருகிற இழப்பீட்டைப் பற்றியவை. முதலாளியோ, மோதிய வண்டியின் உரிமையாளரோ கொடுக்க வேண்டியது அது. உங்களுடையது ஒப்பந்தம். பாலிசியில் ஒரு பட்டியல் இருக்கும்: ஒரு கை முழுவதும் போனால் இத்தனை சதவீதம், கட்டைவிரல் போனால் இத்தனை என்று. அதில் தச்சரா எழுத்தரா என்ற கேள்வி வராது. ஆகவே முழு ஊனம் என்று 10 லட்சம் கேட்காதீர்கள், கிடைக்காது.

அதற்காக 20 சதவீதச் சான்றிதழ் வீண் என்றும் நினைக்க வேண்டாம். பல பாலிசிகளில் அந்தப் பட்டியலின் கடைசியில், மேலே சொல்லாத நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு மருத்துவர் மதிப்பிடும் சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். உங்கள் பாலிசியில் இருந்தால் தனியாக ஒரு கிளைம் போடுங்கள். சான்றிதழில் 20 சதவீதம் என்பது வலது கையைப் பொறுத்தா, முழு உடலைப் பொறுத்தா என்று தெளிவாக இருக்க வேண்டும். நிரந்தரம் என்ற சொல்லும் இருக்க வேண்டும். விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் ஊனம் உறுதியாக வேண்டும் என்பது போன்ற காலவரம்பு பல பாலிசிகளில் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் 20 ரூபாய் பிடிப்பது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். 2015-ல் 12 ரூபாயில் தொடங்கி 2022 ஜூன் முதல் 20 ரூபாய் ஆனது. ஒரு கையின் பயன்பாடு முழுமையாகவும் மீட்க முடியாமலும் போனால் ஒரு லட்சம், இரண்டு கைகளும் என்றால் இரண்டு லட்சம். பிடி குறைந்ததற்கு அதில் எதுவும் இல்லை. வேலைக்குப் போகாத வாரங்களுக்கும் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் நீங்கள் பதிவு செய்திருந்தால் அங்கே விபத்து ஊன உதவித்தொகைக்கு உடனே மனுப் போடுங்கள். பாலிசிப் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அது தனி.

எங்கே போவது? முதலில் நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, 'ஆம்பட்ஸ்மேன்' எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது, ஆன்லைனிலும் மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் இடமில்லை, நீங்களே பேச வேண்டும். 50 லட்ச ரூபாய் வரை அவர் உத்தரவிடலாம், அந்த உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நிறுவனம் கடைசியாக மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மற்றொரு வழி நுகர்வோர் ஆணையம். அங்கே இரண்டு வருட அவகாசம் உண்டு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம். செலுத்திய பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் கேட்க வேண்டுமானால் இதுதான் இடம். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். அதனால் வரிசை முக்கியம். ஒரு லட்ச ரூபாய்க்கு நான் சொல்வது முதலில் குறைதீர்ப்பாளர், அங்கே சரிவராவிட்டால் ஆணையம்.

இரண்டு இடத்திலும் உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தை நிறுவனம் பிறகு கொண்டுவர முடியாது என்பதை சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-ல் உறுதி செய்தது. அந்த மூன்று காரணங்களைத் தாண்டி அவர்கள் புதிதாக எதையாவது சொன்னால் கடிதத்தை எடுத்துக் காட்டுங்கள். நடுவில் போன் செய்து, '30,000 தருகிறோம், முழுத் தீர்வு என்று கையெழுத்துப் போடுங்கள்' என்று கேட்கவும் கூடும். மறுக்க முடியாத தொகையை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன், மீதித் தொகைக்கான உரிமையை விடவில்லை' என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத விடவில்லை என்றால் அன்றே மின்னஞ்சலில் ஆட்சேபத்தைத் தெரிவியுங்கள். வற்புறுத்தி வாங்கிய ரசீது உரிமையைப் பறிக்காது என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், வற்புறுத்தல் நடந்தது என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

பாலிசியைப் புதுப்பிக்கும்போது முழு ஊனத்தின் விளக்கம் 'வழக்கமான தொழில்' என்று இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அப்படி இருக்கிற நிறுவனத்துக்கு மாறுங்கள். இது விபத்துக்கு மட்டுமான காப்பீடு. பக்கவாதமோ முதுகுத் தண்டு நோயோ வந்து படுத்தால் இதிலிருந்து ஒன்றும் வராது. அதற்குத் தீவிர நோய்க் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும், அதுவும் பட்டியலில் உள்ள நோய்களுக்கு மட்டும்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்களிடம் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் அதே சாரத்திலிருந்து விழுந்திருந்தால், சட்டத்தின் பார்வையில் அவருக்கு முதலாளி நீங்கள். இழப்பீடு தரும் பொறுப்பு உங்கள் தலையில் வரக்கூடும், அங்கே அந்தத் தச்சர் தீர்ப்பு உங்களுக்கு எதிராக நிற்கும். தொழிலாளர் இழப்பீட்டுப் பொறுப்புக்கென்று தனிக் காப்பீடு இருக்கிறது. அடுத்த வேலையை ஒத்துக்கொள்ளும் முன் அதன் பிரீமியத்தையும் சேர்த்து வீட்டுக்காரரிடம் மதிப்பீடு கொடுங்கள்.