சந்தேகம் 8,250 ரூபாய் மீது, பூட்டு மொத்தக் கணக்குக்கும்

நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்:

"வக்கீல் சார், மூணு ஏக்கர் குறுவை. கொள்முதல் நிலையத்தில் 160 சிப்பம் (40 கிலோ மூட்டை) போட்டேன். சன்ன ரகம், குவிண்டால் 2,545 வீதம் 1,62,880 ரூபாய் கணக்கில் ஏறிவிட்டதாக மெசேஜ் வந்தது. மறுநாள் ஏடிஎம்மில் பணம் வரவில்லை. வங்கியில் கேட்டால், சைபர் கிரைம் முடக்கம், வட மாநிலத்திலிருந்து வந்திருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, அங்கே போய்ப் பேசுங்கள் என்கிறார்கள். ஆகஸ்ட் மாதம் வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்டார் என்று 75 கிலோ மாப்பிள்ளைச் சம்பா அரிசி பார்சலில் அனுப்பினேன். கிலோ 110, மொத்தம் 8,250 ரூபாய் ஜிபேயில் போட்டார். அந்தப் பணத்தில்தான் வில்லங்கமாம். என் மேல் வழக்கா? பிடித்துக்கொண்டு போவார்களா? தாளடி நடவுக்கு ஆள் சொல்லியாச்சு. கூட்டுறவுச் சங்கத்துக் கடன் கெடு வேறு நெருங்குகிறது."

அண்ணே, முதலில் பயத்தை விடுங்கள். கணக்கு முடங்கியதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை, உங்கள் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. இப்படிப்பட்ட கணக்குகள் பெரும்பாலும் எப்படி முடங்குகின்றன என்று சொன்னால் உங்களுக்கே புரியும்.

எங்கோ ஒருவர் ஏமாந்து பணத்தை இழக்கிறார். உடனே 1930 என்ற எண்ணுக்கு அடிக்கிறார், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்கிறார். மோசடிக்காரன் அந்தப் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருக்க மாட்டான், சில நிமிடத்தில் பத்துக் கணக்குக்குப் பிரிப்பான், அங்கிருந்து இன்னும் ஐம்பதுக்கு. அந்தப் பணம் தொட்ட கணக்குகளை அடுக்கடுக்காகத் தேடிக்கொண்டே போய் நிறுத்துகிறார்கள். முதல் அடுக்கில் மோசடிக்காரனின் கையாள் இருப்பான். மூன்றாவது நான்காவது அடுக்கில் டீக்கடைக்காரர், கறிக்கடைக்காரர், அரிசி விற்ற நீங்கள். உங்களிடம் அரிசி வாங்கியவரே கூட நல்ல மனிதராக இருக்கலாம், அவருக்கு யாரோ கொடுத்த பணம்தான் கெட்டதாக இருக்கலாம். அவர் போன் அணைந்து கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதை வைத்து ஆள் மோசடிக்காரன்தான் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

இந்த ஏற்பாடே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மோசடிப் பணம் கரைவதற்குள் நிறுத்த வேறு வழியில்லை, அப்படி நிறுத்தியதால் பணம் திரும்பக் கிடைத்தவர்களை எனக்கே தெரியும். ஆனால் 8,250 ரூபாய் சந்தேகத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் நெல் பணத்தைப் பூட்டுவது நியாயமே இல்லை. ஊரெல்லாம் கியூஆர் அட்டை ஒட்டச் சொன்னோம், வெற்றிலைக் கூடைக்காரம்மா வரைக்கும் ஒட்டிவிட்டார்கள். வருகிற பணம் எந்த வழியாக வந்தது என்று பார்க்க வாங்குகிறவருக்கு ஒரு வசதியும் கிடையாது. தெரிந்துகொள்ளவே முடியாத ஒன்றுக்காக அவரைத் தண்டிப்பதைச் சரி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? வங்கிக் கணக்கும் காவல்துறை கைப்பற்றக்கூடிய 'சொத்து'தான் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. அந்த அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 102-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பிஎன்எஸ்எஸ்) 106. அதே பிரிவு, கைப்பற்றியதை உடனே நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பல வழக்குகளில் இது நடப்பதே இல்லை. குற்றத்தில் வந்த பணம் என்றால் 107-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் வழியாகத்தான் முடக்க வேண்டும், போலீஸ் தானாகச் செய்ய முடியாது என்று கேரளா உயர் நீதிமன்றம் போன்றவை சொல்லியிருக்கின்றன. எல்லா நீதிமன்றங்களும் இதில் ஒரே வரிசையில் நிற்கவில்லை, ஆகவே இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

உங்களுக்கு உடனே கைகொடுப்பது வேறு ஒன்று. சந்தேகத் தொகை எவ்வளவோ அதை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும், மீதியை விட வேண்டும் என்பது. 2023-ல் கேரளா உயர் நீதிமன்றம், காவல்துறை குறிப்பிட்ட தொகையோடு முடக்கத்தை நிறுத்திக்கொள்ள வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2024-ல் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர் ஒருவரின் கணக்கைத் தெலங்கானா சைபர் பிரிவு முடக்கியிருந்தது. தொகையும் காலமும் சொல்லாமல் முழுக் கணக்கையும் பூட்டுவது தவறு என்று கூறி, ஏறக்குறைய இரண்டரை லட்சத்தை மட்டும் நிறுத்திவிட்டு மீதியைப் புழங்க நீதிமன்றம் அனுமதித்தது. உங்கள் கதையும் இதுவேதான், தொகை மட்டும் சிறியது.

சரி, திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய வேண்டும்?

வங்கிக்குப் போங்கள், ஆனால் வாயால் கேட்காதீர்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், 'மேலிடத்தில் செய்தது' என்பார்கள், நீங்களும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வருவீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதுங்கள்: "என் கணக்கு எந்தப் புகார் எண்ணின் பேரில், எந்தக் காவல் நிலையத்தின் உத்தரவால், எவ்வளவு தொகைக்காக முடக்கப்பட்டது என்பதையும், அந்த அதிகாரியின் மின்னஞ்சலையும் எழுத்தில் தரவும். உத்தரவின் நகல் இருந்தால் தரவும். சந்தேகத் தொகை 8,250 ரூபாயை மட்டும் லியனில் (பிடித்தத்தில்) வைத்துக்கொண்டு மீதியை எடுக்க அனுமதிக்கவும். இது நெல் விற்ற பணம், ரசீது இணைத்துள்ளேன்." அவ்வளவு போதும். இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பக்கத்துத் தபால் நிலையத்திலிருந்து ஸ்பீடு போஸ்ட், கூடவே வங்கியின் குறைதீர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல்.

இதில் ஒரு நுணுக்கம். காவல்துறை சில நேரம் தொகையைச் சொல்லி அதை மட்டும் நிறுத்தத்தான் சொல்லியிருக்கும், கிளையில் முழுக் கணக்கையும் பூட்டிவிடுவார்கள். அப்படி என்றால் தப்பு வங்கியின் பக்கம். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448. ஆனால் காவல்துறை உத்தரவையே தப்பு என்று அங்கே வாதாட முடியாது. உத்தரவைத் தாண்டி வங்கி செய்ததையும், விவரம் தராமல் இழுத்தடிப்பதையும்தான் அங்கே கேட்க முடியும். பலர் இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதி, மனு தள்ளுபடியாகி, மனம் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது காவல் நிலையம். வடக்கே ரயில் ஏற வேண்டாம். மின்னஞ்சலில் எழுதுங்கள், அதன் அச்சுப் பிரதியை ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுத வீட்டுப் பிள்ளைகள் உதவுவார்கள். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். "75 கிலோ மாப்பிள்ளைச் சம்பா, மன்னார்குடி பார்சல் ஆபீஸில் போட்டாச்சுங்க, பில் கீழே" என்று எழுதி மங்கலாக ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே அவர் 'ஓகே அண்ணா' என்கிறார். இந்த இரண்டு வரியை விட நல்ல சாட்சி வேறு வேண்டியதில்லை. சரக்கு கொடுத்துத்தான் பணம் வாங்கியிருக்கிறீர்கள் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள், போனை மாற்றாதீர்கள், பார்சல் ரசீதின் அசலைத் தேடி எடுத்து வையுங்கள். பணம் வந்த பரிவர்த்தனையின் 12 இலக்க யூபிஐ எண், சிட்டா, அடங்கல், கொள்முதல் ரசீது எல்லாம் சேரட்டும். மோசடிப் பணம் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கியிருந்தால்தான் அது குற்றம். அரிசி விற்ற விலை சந்தை விலையாக இருக்கிறது, சரக்கு போயிருக்கிறது, உங்கள் மேல் அப்படி நினைக்க இடமே இல்லை.

சாட்சியாக விசாரிக்கக் கூப்பிடும் அதிகாரம் ஒரு போலீஸ் அதிகாரிக்குத் தன் நிலைய எல்லையிலோ பக்கத்து நிலைய எல்லையிலோ உள்ளவரிடம்தான் உண்டு. ஆவணம் கேட்டால் தபாலில் அனுப்பலாம். ஆனால் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி பிஎன்எஸ்எஸ் 35-ஆம் பிரிவில் நோட்டீஸ் என்று ஒரு தாள் வந்தால் அதைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், அன்றைக்கே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு ஒருவன் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்றால் போனை வைத்துவிடுங்கள், அப்படி ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. 'பத்தாயிரம் கொடுங்கள், கணக்கைத் திறந்து தருகிறேன்' என்று வருகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். உண்மையான அதிகாரியே 'புகார்தாரருக்கு 8,250-ஐ அனுப்பிவிடு, விட்டுவிடுகிறேன்' என்று போனில் சொன்னாலும் செய்யாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். முடித்துக்கொள்வதென்றால் நீதிமன்றம் வழியாக முடித்துக்கொள்வோம்.

ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கணக்கையோ, ஏடிஎம் அட்டையையோ, சிம்மையோ வேறு யாரும் பயன்படுத்துகிறார்களா? நம் பக்கத்தில் வேலை தேடுகிற பையன்களிடம் 'கணக்கு மட்டும் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறேன்' என்று ஆள் பிடிக்கிறார்கள். பையன் அப்பாவின் கணக்கைக் கொடுத்துவிடுகிறான். அப்படி நடந்திருந்தால் நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது, வழக்கின் முகமே மாறிவிடும். மகனை உட்கார வைத்து நிதானமாகக் கேளுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்த 8,250 தவிர தெரியாத வரவு ஏதாவது இருந்தால் என்னிடமோ, நீங்கள் வைக்கிற வக்கீலிடமோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எழுதியும் அசையவில்லை என்றால் இரண்டு வழி. பிஎன்எஸ்எஸ் 503-ன் கீழ் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம், ஆனால் அது அந்த மாநிலத்து நீதிமன்றமாக இருக்கும், போக்குவரத்துச் செலவே 8,250-ஐ விழுங்கிவிடும். அதனால் உங்களுக்கு நான் சொல்வது அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் ரிட் மனு, அதாவது அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கேட்டு நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. வங்கிக் கிளை நம் மாவட்டத்தில் இருக்கிறது, பாதிப்பும் இங்கேதான், அதனால் நம் உயர் நீதிமன்றத்திலேயே போடலாம். திருவாரூர் மாவட்டம் என்பதால் உங்களுக்குச் சென்னை. இதைப் படிக்கும் தஞ்சாவூர், கும்பகோணம்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் திருவாரூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்குப் பேசலாம். பெண்களும் பட்டியல் இனத்தவரும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி கேட்கலாம். அந்த மனுவோடு வைக்க, முத்திரை வாங்கிய அந்தத் தாள்தான் முதலில் தேவைப்படும். அதனால்தான் வாயால் கேட்காதீர்கள் என்று இவ்வளவு சொல்கிறேன்.

இதற்கிடையில் நடவு நிற்கக் கூடாது. வேறொரு வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ உங்கள் பெயரில் புதுக் கணக்கு திறக்கத் தடையில்லை. பிஎம் கிசான் பணம் ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் வரும், புதுக் கணக்கோடு ஆதாரை இணைத்துவிட்டால் அடுத்த தவணை அங்கே போகும். தாளடி அறுப்புக்குக் கொள்முதல் நிலையத்தில் பதியும்போதும் புதுக் கணக்கையே கொடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பணமும் பழைய கணக்கில் போய் மாட்டிக்கொள்ளும். பணம் உள்ளே வர முடியும், வெளியே எடுக்கத்தான் முடியாது என்பது உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டதே. அரிசி விற்பனைக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், நெல் பணமும் அதுவும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

அப்புறம் சங்கக் கடன். கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை. வங்கியில் கொடுத்த கடிதத்தின் முத்திரை நகல் ஒன்றை, கெடு தேதி வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே, சங்கச் செயலாளரிடம் ஒரு மனுவோடு கொடுங்கள், அதிலும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி எழுத்தில் என்ன பதில் தருகிறதோ அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், ரிட் மனுவா இல்லையா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.